சிவப்பு மை மலை ஏறுகிறார்

"பத்து நாள் மலையேற்றம்னு நோட்டீஸ் போர்டுல போட்டுடலாமா சார்?" என்று மேலாளர் கேட்டபோதுதான், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது தணிக்கை அதிகாரிக்கு உறைத்தது.

அரிய நோயால் அவதிப்படும் குழந்தைகளின் மருந்துக்காக அலுவலகத்திலிருந்து யாராவது பெரிய மலை ஏறி நிதி திரட்ட வேண்டும்; ஏறுகிறவர் பேரில் மற்றவர்கள் இவ்வளவு தருவதாக நன்கொடை எழுதுவார்கள். கூட்டத்தில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அறக்கட்டளையிலிருந்து வந்த பெண் காட்டிய படத்தில் ஒரு சிறுமி சிரித்துக்கொண்டிருந்தாள். "யாரும் இல்லேன்னா நான் போறேன்" என்று இவர் சொல்லிவிட்டார். யாராவது தடுப்பார்கள் என்று நினைத்தார். கைதட்டினார்கள்.

பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே அவருக்குக் கண்ணைக் கட்டும்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'சிவப்பு மை'. அடுத்தவரின் விடுப்புக் கடிதத்தைக்கூடத் திருத்தித்தான் கையில் கொடுப்பார். தன் நேர்த்திக்குக் கிடைத்த பட்டம் அது என்று நம்பினார்.

"முட்டி வலிக்குது" என்று மறுநாள் மெல்ல ஆரம்பித்தார்.

"முட்டி வலியோட ஏறப்போறாராம்!" நன்கொடை இரட்டிப்பானது. காசாளர் தன் செலவிலேயே முட்டிக்குப் பட்டை வாங்கி வந்து மாட்டிவிட்டார்.

"வீட்டுல விடமாட்டாங்க."

மேலாளர் அங்கேயே ஃபோனைப் போட்டார். ஸ்பீக்கரில் மனைவியின் குரல் கணீரென்று வந்தது. "நல்ல காரியம், தாராளமா போகட்டும். பத்து நாள் போதுமான்னு மட்டும் கேட்டுக்குங்க."

கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "நான் இல்லேன்னா பில்லெல்லாம் யாரு சரிபார்க்கறது?"

"கவலையே படாதீங்க சார், நாங்க பாத்துக்கறோம்!"

அந்த அலுவலகம் எதற்கும் ஒரே குரலில் பேசி அவர் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. நன்கொடை இன்னும் ஏறியது.

பெரிய மலை ஏறத் துணிவில்லை. பின்வாங்கலாம் என்றால் சிறுமியின் முகம் விடவில்லை. யோசித்து யோசித்து நடுவழி ஒன்று கண்டுபிடித்தார். ஊருக்கு வெளியே ஒரு குன்று. உச்சிவரை படிக்கட்டு, பிடித்துக்கொள்ளக் கம்பி.

"பெரிய மலை வேண்டாம். ஞாயித்துக்கிழமை காலையில இதுல ஏறி, சாயங்காலமே இறங்கிடறேன். திங்கக்கிழமை வழக்கம்போல ஆபீஸ்" என்று அறிவித்தார்.

இழவு வீடு போல ஆகிவிட்டது அறை. மதியத்துக்குள் நன்கொடை பாதியாகச் சரிந்தது. காசாளர் வந்து முட்டிப் பட்டையைக் கழற்றிக்கொண்டு போனார்.

மாலையில் கிளம்பும்போது, வரவேற்பு மேசைப் பெண்ணிடம் பொருமினார். "ஏம்மா, மலை சின்னதாயிட்டா குழந்தைங்க நோயும் சின்னதாயிடுமா? மனுஷங்களுக்கு ஈவு இரக்கமே இல்லையே!"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"மலை எதுவா இருந்தா என்ன சார்? அந்தக் குன்று மேலயே பத்து நாள் சும்மா உக்காந்திருக்கறதா சொல்லிப் பாருங்க, பணம் கொட்டும்."