போடியாருக்கு முன்னால் சோத்துக்கையால் ஆடிய ஆட்டம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து ஈரமணலில் நண்டு ஓடின மாதிரி இருக்கும். பிழைகளும் இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அந்த ஐந்து வருடத்திலும் பாதி நேரம், என் இடக்கையிலிருந்த சிலேட்டுப் பென்சிலை வாத்தியார் பிடுங்கி வலக்கையில் திணிப்பதிலும், அவர் திரும்பியதும் நான் அதை மறுபடி மாற்றிக்கொள்வதிலும் போய்விட்டது. கடைசியில் வாத்தியார்தான் வென்றார். எழுத்துத்தான் பாழாய்ப்போனது.

ஆம், நான் இடக்கையன். சாப்பாடு மட்டும் வலக்கையால், எங்கள் ஊர்ப் பேச்சில் சோத்துக்கையால். (அதில் உம்மா விட்டுக்கொடுக்கவே இல்லை. நான் சாப்பிட்டு முடியும்வரை அகப்பை அவ கையிலேயே இருக்கும்.) உளி, வாள், சுத்தியல் எல்லாவற்றுக்கும் இடக்கைதான். போதாததற்குக் கூச்சக்காரன். மூன்றுபேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் என் பெயரே எனக்கு மறந்துவிடும்.

அப்படிப்பட்டவன் ஒரு விளையாட்டில் கெட்டிக்காரன் ஆனது ஒரு மேசைக் காலால். இங்கினியாகலையில் அணைக்கட்டு வேலை நடந்த காலத்தில் அமெரிக்கர்களின் முகாமில் தச்சனாக இருந்தேன். அவர்கள் பொழுதுபோக்கும் மண்டபத்தில் பச்சைத்துணி போர்த்திய பெரிய மேசை ஒன்று இருந்தது. ஓரங்களில் ஆறு பைகள். கோலால் வெள்ளைக் குண்டை அடித்து, அது நிறக் குண்டுகளில் பட்டு, அவை பைகளில் விழவேண்டும். மேசை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதென்று காலுக்குக் கட்டை வைக்க என்னைக் கூப்பிட்டார்கள். மட்டம் சரியா என்று பார்ப்பதற்குக் குண்டை உருட்டிப் பார்க்கவேண்டும் அல்லவா? உருட்டினேன். அங்கிருந்த இரண்டு வருடமும் உருட்டினேன். பின்னேரங்களில் அந்த வெள்ளைக்காரர்கள் என்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஒருவர்கூட "கையை மாற்று" என்று சொன்னதில்லை. அந்தப் பச்சைத்துணியின் வாசம், மழைநாளில் தகரக் கூரையில் விழும் சத்தம், குண்டோடு குண்டு முட்டும் 'டக்' - இன்றைக்கும் கண்ணை மூடினால் எல்லாம் வரும்.

அணை கட்டிய அமெரிக்கக் கம்பனி போன பிறகு அந்த மேசையைக் காசிம் முதலாளி வாங்கிவந்து, கல்முனைக் கடைத்தெருவில் தன் தேத்தண்ணிக் கடையின் பின்பக்கம் போட்டார். நானும் மேசைக்குப் பின்னாலேயே வந்தேன்.

ஆட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பதினைந்து நிறக் குண்டுகள். பதினாலு பைக்குள் போனதும், கடைசிக் குண்டை அது நிற்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, பதினாலையும் மறுபடி முக்கோணமாக அடுக்குவார்கள். இப்போது அந்தத் தனிக் குண்டைப் பையில் போடவேண்டும். அதே அடியில் வெள்ளைக் குண்டு விலகிப்போய் அடுக்கையும் உடைக்கவேண்டும். ஆகவே எந்தக் குண்டைக் கடைசியாக விடுவது, அடுக்குக்கு எந்தப் பக்கம் விடுவது என்பதை முன்கூட்டியே யோசித்து ஆடவேண்டும். சோத்துக்கையனுக்கு இடப்பக்கக் குண்டு வசதி. மேசையின் இடது ஓரத்தில் காலூன்றிச் சாய்ந்து சுகமாக அடிப்பான். எனக்கு வலப்பக்கம். வலப்பக்கத்தில் ஒரு குண்டும் என் இடக்கையில் ஒரு கோலும் இருந்தால் நான் ராசா.

அப்போதுதான் நிந்தவூரிலிருந்து என்னை மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்வீட்டார்தான் வந்து கேட்பார்கள். மாப்பிள்ளை பெண்வீட்டுக்குக் குடிபோவான். பெண்ணின் வாப்பா போடியார், ஊரில் பெரிய வயல்காரர். சாகாமத்தில் வயல், வருடம் இரண்டு போகம். பெண் சுலைகாவை நான் ஒரேயொரு தடவை, பஸ்ஸின் ஜன்னலில், முக்காட்டுக்குள் பாதி முகமாகப் பார்த்திருந்தேன். அந்தப் பாதி முகம் எனக்கு மூன்று மாதத் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. (பஸ் இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் ஆறு மாதம்.)

போடியார் எங்கள் வீட்டில் உம்மாவிடம் கேட்டது ஒரே கேள்வி.

"புள்ள எந்தக் கையால பழக்கம்? முந்தி ஒரு மாப்புள பாத்தம். இடக்கையால எனக்குத் தேத்தண்ணி நீட்டினான். எங்கட வீட்டுல விருந்தெண்டா ஆறுபேர் ஒரு சஹன்ல கைவெச்சித் திங்கிற. அது சரிவராது."

"சோத்துக்கைதான்! வேற என்ன?" என்றா உம்மா, கண்ணைக்கூட இமைக்காமல்.

அவர்கள் போனதும் என்னைப் பார்த்தா. "நிக்காஹ் முடியுமட்டும் ஒனக்கு இடக்கை இல்லெண்டு நெனச்சிக்க, மனே."

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து காசிம் முதலாளி கடையில் நான் கோல் நுனிக்குச் சோக்குக்கட்டி தேய்த்துக்கொண்டு நிற்கிறேன். வாசலில் போடியார். கூடவே அவருடைய மூத்த மகன் ஹனிபா. மாப்பிள்ளையைச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பது அந்தக்கால வழக்கம்.

"மச்சான் நல்லா அடிப்பீங்களாமே! வாங்க, ஒரு ஆட்டம் போடுவம்," என்றான் ஹனிபா.

போடியார் ஒரு கிளாஸ் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் கோலை வலக்கைக்கு மாற்றினேன்.

காசிம் முதலாளி தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "என்னடா இது? கை நோவா?"

"ஓம்... இல்ல காக்கா... சும்மா."

"சும்மாவா?" அவர் என்னைப் பார்த்தார், போடியாரைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார். சிரிப்பை மறைக்கக் கடையின் முன்பக்கம் போய் இருமத் தொடங்கினார். அவருடைய இருமல் ஆட்டம் முடியும்வரை நிற்கவில்லை.

சோத்துக்கையால் நான் ஆடியதை ஆட்டம் என்று சொல்லக்கூடாது. கோல் ஒரு பக்கம் போனது, குண்டு ஒரு பக்கம் போனது, வேர்வை எல்லாப் பக்கமும் போனது. ஆனாலும் ஹனிபா என்னைவிட மோசமான ஆட்டக்காரன். இரண்டுபேருமாக எப்படியோ பதினாலையும் உள்ளே தள்ளினோம். பதினாலாவது என் அடி. நிமிர்ந்து பார்த்தேன். கடைசிக் குண்டு, என் வாழ்க்கையிலேயே மிக அழகாக, அடுக்கு வருமிடத்துக்கு வலப்பக்கத்தில் நின்றது. உம்மாவின் கட்டளை என் கைக்குக் கேட்டிருந்தது. கண்ணுக்குக் கேட்கவில்லை. கண் தன்பாட்டில் இடக்கையனாகவே ஆடியிருந்தது.

ஹனிபா அடுக்கை வைத்தான். "ம், உடைங்க மச்சான்!"

சோத்துக்கையால் அதை அடிப்பதென்றால் மேசையின் இடது ஓரத்திலிருந்து குறுக்காகப் படுக்கவேண்டும். படுத்தேன். எட்டவில்லை. ஒரு காலைத் தூக்கி மேசை விளிம்பில் வைத்தேன். மற்றக் கால் பெருவிரலில் நின்றது. தாடை பச்சைத்துணியில். போடியார் வடிவாகப் பார்ப்பதற்காகக் கதிரையை எனக்குப் பின்னால் நகர்த்தியதை நான் காணவில்லை.

பிஸ்மில்லாஹ் சொல்லிக் கோலைப் பின்னுக்கு இழுத்தேன். மூன்று சத்தம் கேட்டது. முதலாவது, கோலின் அடிப்பக்கம் போடியாரின் வயிற்றில் இறங்கிய 'ஹக்'. இரண்டாவது, அவருடைய கையிலிருந்த கிளாஸ் தரையில் உடைந்தது. மூன்றாவதுதான் நீளமானது. என் சாரன், முழங்காலிலிருந்து மேலே, போகக்கூடாத இடம்வரைக்கும் கிழிந்த சத்தம். (சாரன் என் கூடப்பிறந்த காக்காவுடையது. பெருநாளைக்கு எடுத்தது.)

வெள்ளைக் குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

நான் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். போடியார் வயிற்றைத் தடவிக்கொண்டு எழுந்தார். அவருடைய வெள்ளைச் சாரன் முழுக்கத் தேத்தண்ணி. என் முகத்தை அவர் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

"தம்பி, நீ இடக்கையன்தானே?"

"இல்ல மாமா..."

"நாப்பது வெட்டுக்காரன வயலுக்குள்ள எறக்கிறவன் நான். தாக்கத்தி புடிக்கிறவன் எந்தக் கையெண்டு காலப் பாத்தே சொல்லுவன். நீ வந்து நிண்ட நேரந்தொட்டு வலக்கால்தான் முன்னுக்கு நிக்கிது. கையத்தான் மாத்தின, கால மாத்த மறந்துபோயிட்ட."

குனிந்து பார்த்தேன். அப்போதும் வலக்கால்தான் முன்னுக்கு நின்றது.

"நீயும் பொய், ஒன்ட உம்மாவும் பொய்," என்றார் போடியார். "ஹனிபா, வா மகன், போவம்."

கிழிசலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். பின்வாசலால், வேலியோடு வேலியாக, நண்டுபோல் பக்கவாட்டில் நடந்து வீடு வந்தேன். உம்மா முதலில் சாரனைப் பார்த்து அழுதா. பிறகு விசயத்தைக் கேட்டு அழுதா. நான் கடைத்தெருப் பக்கமே போகவில்லை. படுத்தால் பஸ் ஜன்னல், எழும்பினால் பஸ் ஜன்னல்.

நாலாம் நாள் ஹனிபா சைக்கிளில் வந்தான். படலைக்கு வெளியிலேயே சிரித்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், வாப்பா உங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க. ஒரு பொய்க்கு இவ்வளவு பாடுபடுறவன் ரெண்டாம் பொய் சொல்லமாட்டானாம். சஹன்ல ஓரத்துல இருத்தினாச் சரியாம். மறுகா..."

"மறுகா?"

"ராவு தங்கச்சிக்கிட்ட எல்லாத்தையும் சொன்னன். சாரன் கிழிஞ்ச கதைக்கு அவள் சிரிச்ச சிரிப்புல உம்மா எழும்பி வந்திட்டா. அவளுக்கும் சம்மதம்தான்."

அடுத்த அறுவடை முடிந்து எங்கள் நிக்காஹ் நடந்தது. அந்த முழு முகத்தோடு இருபத்திமூன்று வருடம் போய்விட்டது. அன்றைக்கு முடியாமல் போன அந்த அடியை இதுவரை நான் அடிக்கவில்லை. மேசையும் கறையான் அரித்து எப்போதோ போய்விட்டது.

ஆனால் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகப் பொய் சொல்ல முடியாது. பிள்ளைகள் ஓதப்போனோம் என்றால் சுலைகா முகத்தைப் பார்க்கமாட்டா. "கால காட்டு," என்பா. பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். நான் கடையில் வடை சாப்பிடவில்லை என்றால் நாலுபேரும் குனிந்து என் காலைப் பார்க்கிறார்கள்.

போன கிழமை, வீட்டை எங்களுக்குத் தந்துவிட்டு அடுத்த வளவில் இருக்கும் மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். அவருக்கு இப்போது சீனி வருத்தம். டொக்டர் இனிப்பைத் தொடக்கூடாதென்று சொல்லியிருக்கிறார். திண்டீங்களா மாமா என்று கேட்டேன்.

"அல்லாஹ்மேல ஆணை, ஒண்டும் திங்கல்ல," என்று தொடங்கியவர், நான் கீழே பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று இரண்டு காலையும் சாரனுக்குள் இழுத்துக்கொண்டார்.

1977 மார்கழி மாதம் 4ஆம் திகதி எழுதி முடித்தேன்.