டிகாஷன் புள்ளிகள்

காகம் கொத்திய உச்சந்தலையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு அனந்தகிருஷ்ணன் பால்கனிக் கதவைச் சாத்தினார். கையில் ஒட்டடைக் கம்பு, அதன் நுனியில் பஞ்சு, பஞ்சில் காபி டிகாஷன்.

காக்கை முட்டைக்குப் புள்ளி வைப்பவர் மாதுங்காவில் அவர் ஒருவர்தான். யோசனை கேட்கவும் ஆளில்லை.

கீழ் வீட்டு அகிலாண்டம் மாடிப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "என்ன அண்ணா, காக்கா கொத்தித்தா? அப்பா திதியைச் சரியாப் பண்ணேளோ?"

"பாயசத்தோட பண்ணினேன்!"

"பின்னே பித்ருக்களுக்கு என்ன கோவம்?"

அதை எப்படிச் சொல்வது?

போன வருஷம் துறைமுகத்தில் கப்பல் வெடித்ததும் மனைவி விஜயலக்ஷ்மி பயந்துபோய்க் குழந்தைகளோடு பாலக்காட்டுக்குக் கிளம்பினாள். பிறகு பள்ளிக்கூடத்தைச் சாக்குச் சொல்லி அங்கேயே தங்கிவிட்டாள். அவருக்கு ஆபீஸ், மெஸ், வீடு. வீட்டில் பேசினால் சுவர்தான் கேட்கும்.

இந்த நிலையில்தான் லோக்கல் ரயிலில் பக்கத்து ஆளிடம் சும்மா சொல்லிவைத்தார். "எங்காத்துப் பால்கனியை ஒட்டி இருக்கிற பாதாம் மரத்துல காக்கா கூடு. நாலு முட்டை, நாலும் நாலு தினுசு. ஒண்ணு நீலம், ஒண்ணு பச்சை, ஒண்ணு பூராப் புள்ளி, ஒண்ணு வெளுத்துப் போய் மொட்டையா இருக்கு!"

பக்கத்து ஆள் உதுமான். திருநெல்வேலிக்காரர், மியூசியத்தில் பறவைகள் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமையே வந்து எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே தாய் போட்டதுதான் ஐயர்வாள். சாயம் வயித்துக்குள்ளயே ஏறிரும். கடைசி முட்டை வாரதுக்குள்ள சாயம் தீந்துபோவும். அதான் வெளுப்பு."

அன்று சாயங்காலம் வரை பேச்சு, இரண்டு தடவை காபி. தம் வீட்டில் இன்னொரு மனிதக் குரல் கேட்டதில் அனந்தகிருஷ்ணன் விளக்கேற்றவே மறந்துபோனார். ஆனால் உதுமான் விடைபெறும்போது, "சரி, பாத்தாச்சு" என்றார். பார்த்தாகிவிட்டால் இனி எதற்கு வருவார்?

அதனால்தான் இந்த டிகாஷன். முட்டையைக் கையால் தொட்ட வம்சமில்லை, அதனால் கம்பு.

மறுநாள் ஞாயிறு. ஆள் அனுப்பியதும் உதுமான் வந்தார். மொட்டை முட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"அடேயப்பா! போட்ட பொறவு புள்ளி முளைச்சிருக்கே! அடுத்த வாரமும் பாக்கணும்."

அடுத்த வாரம் சும்மா இருக்க முடியுமா? சலவை நீலத்தைக் கரைத்துப் பட்டை போட்டார், மேலே குங்குமம். காகத்துக்கு அவர் முகம் இப்போது மனப்பாடம். ஸ்டேஷன் வரை துரத்திக் கொத்தியது. வெயிலும் மழையுமில்லாத வேளையில் குடை பிடித்து நடந்தார், தலையில் கட்டு வேறு.

"ஐயர்வாள்," ஞாயிறன்று வந்து பார்த்த உதுமான் குரலைத் தாழ்த்தினார். "இப்பிடியொரு முட்டை லோகத்துலயே கிடையாது. மியூசியத்துல சொல்லியே ஆவணும்."

அனந்தகிருஷ்ணனுக்குக் காபி புரையேறியது. உதுமான் போனதும் பூந்திக்கொட்டைத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து முட்டையைக் கழுவினார். சாயம் வழிந்து மற்ற மூன்றும் ஊதாவாயின. காகம் அவர் தலைக்கட்டையே அவிழ்த்துவிட்டது.

மியூசியத்தில் வாயைத் திறந்தால் உதுமானுக்குத்தான் மானம் போகும். உண்மையைச் சொன்னால் தம்மைத் தேடி வரும் ஒரே மனிதர் போய்விடுவார். இரவெல்லாம் புரண்டார். காலையில் புதுக் கட்டோடு, ஆபீசுக்கு லீவு சொல்லி, மியூசியத்துக்குப் போனார்.

"உதுமான் சாஹிபைப் பாக்கணும்," என்றார் வாசல் காவல்காரன் வெயிலுமுத்துவிடம். "அவர்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். மன்னிப்புக் கேட்டுண்டு போயிடறேன்."

வெயிலுமுத்து அவர் தலைக்கட்டைப் பார்த்தான். அவனுக்கு வாயெல்லாம் பல்லாயிற்று.

"மாதுங்கா ஐயரு நீங்கதானா! இங்க கண்ணாடிப் பெட்டியில இருக்க முட்டை பூராவும் சுண்ணாம்புல செஞ்சு சாயம் பூசுதது உதுமான் அண்ணாச்சிதான். 'நான் வரணும்னு ஒரு மனுசன் காக்காகிட்ட கொத்து வாங்கி முட்டைக்குச் சாயம் பூசுதாரு வே'ன்னு ஒரு வாரமா எல்லார்ட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிக்காவ. பொஞ்சாதி செத்ததுக்குப் பொறவு அவுக சிரிச்சு இப்பந்தான் பாக்கோம்."