மாமரத்தடியில் மூன்று செங்கல்

மகாகனம் பொருந்திய அத்திம்பேர் அவர்களுக்கு, ஸ்ரீவராகத்திலிருந்து பட்டாபி அநேக நமஸ்காரம். தஞ்சாவூரில் அக்காவும் நீங்களும் சௌக்கியமாக இருப்பீர்கள். நானும் சௌக்கியம்தான், ஆத்துக்காரி அனந்தலக்ஷ்மி கடைவீதியிலிருந்து திரும்பும்வரை. அப்புறம் எப்படியோ தெரியாது.

எல்லாம் உங்களால் வந்த வினை. போன வாரம் போனில், "ரிட்டயர் ஆயாச்சு, இனிமே எதையும் பிடிச்சுண்டு தொங்காதே, விட்டுக்குடு, மனசு நிறையும்" என்றீர்களே, அதை நான் காதில் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நாளைக்கு ஆற்றுக்கால் பொங்காலை. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் தெருவில் அடுப்பு வைத்துப் பொங்கலிடும் நாள். முதல் நாளே செங்கல் வைத்து இடம் பிடித்தால்தான் உண்டு. போன வருஷம் அனந்தலக்ஷ்மி வெயிலில் மயங்கி விழுந்தாள். இந்த வருஷம் நிழல் கிடைத்தால் மட்டும் உட்காரலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் காலையிலேயே எங்கள் கேட்டுக்கு வெளியே மாமரத்தடியில் அடுப்புக்கு மூன்று கல்லை வைத்துவிட்டு, "பானை வாங்கிண்டு வரேன். கல்லை யாரும் நகத்தாம பாத்துக்கோங்கோ. இது ஒண்ணாவது ஒங்களால முடியும்னு நம்பறேன்" என்று போனாள். நானும் அங்கேயே சாய்வு நாற்காலியைப் போட்டுக் காவல் உட்கார்ந்தேன்.

அவள் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், போனக்காடு எஸ்டேட்டிலிருந்து ரெம்யா என்றொருத்தி தன் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வந்தாள். "சாரே, அம்மைக்கு வெயில் ஒட்டும் ஆகாது. இந்த நிழல்ல ஒரு அடுப்பு வச்சோட்டே?" என்று மலையாளம் கலந்து அனுமதி கேட்டாள். உங்கள் குரல் என் காதில் ஒலித்தது. அனந்தலக்ஷ்மியின் கல்லை நானே தூக்கி அந்தண்டை வைத்துவிட்டு, "தாராளமா வைம்மா" என்றேன். மனசு நிறைந்தது அத்திம்பேர், பொய் சொல்லவில்லை. நிறைந்த மனசு அதோடு நின்றதா? அடுத்து வந்தவளுக்கு மரத்தின் மறுபக்கம், அதற்கடுத்தவளுக்கு கேட் ஓரம், அப்புறம் கார் ஷெட், அனந்தலக்ஷ்மியின் துளசி மாடத்தைச் சுற்றி ஒரு கும்பல். ஆளுக்கு ஆள் "நல்ல மனுஷன்" என்று சொல்லச் சொல்ல நான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நிழலில் ஒரு செங்கல் வைக்கக்கூட இடமில்லை. அவள் கல் நகர்ந்து நகர்ந்து நடுரோட்டில், கொதிக்கிற தாரில் கிடக்கிறது. பிடிவாதக்காரி, அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். மறுபடி விழுந்தாளானால் நான் என்ன செய்வேன்? கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் வாய் வரவில்லை. பயமாக இருக்கிறது அத்திம்பேர்.

ஒன்று மட்டும் நிச்சயம். என்ன திட்டு விழுந்தாலும் நான் மாறிவிட்டேன். எனக்கென்று பிடித்து வைத்துக்கொண்டது இனி ஒன்றும் கிடையாது. ஆட்டோ சத்தம் கேட்கிறது. அக்காவுக்கு நமஸ்காரம் சொல்லவும். எனக்காக சுவாமிக்கு ஒரு தேங்காயும் உடைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் வார்த்தையைக் கேட்ட
பட்டாபி

பி.கு.: அனந்தலக்ஷ்மி வந்துவிட்டாள். திட்டவில்லை. சுற்றிலும் பார்த்தாள். "நீங்க விட்டுக்குடுத்ததெல்லாம் என்னோடதுதானே! நிழல்ல எடமில்லையா? அப்போ நீங்க எங்கே ஒக்காந்து லெட்டர் எழுதறேள்?" என்றாள். ரெம்யா சிரித்துக்கொண்டே நாற்காலியைத் தூக்கினாள். அந்த இடத்தில் அனந்தலக்ஷ்மியின் மூன்று கல்லும் வசதியாக உட்கார்ந்துவிட்டன. மீதியை வெயிலில் நின்றுகொண்டு எழுதுகிறேன். பொங்காலை முடிந்ததும் என் நாற்காலிக்கான அந்த இடத்தை வேறு யாரும் அடித்துக்கொண்டு போகாமலிருக்க, மர வேரோரம் நானும் ஒரு செங்கல் வைத்திருக்கிறேன். மேலே சாக்கட்டியால் என் பெயர் எழுதியாகிவிட்டது.