தாய்மாமன் பின்னிய குல்லா

தன்னம்பிக்கை வேண்டும் என்று எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிறார்கள். என்னிடம் மட்டும் யாராவது, "கொஞ்சம் கொறைச்சுக்கப்பா" என்று சொல்லியிருக்கலாம்.

விழுப்புரத்தில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தொழிலை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை; செல்போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டேன். உலகத்தில் எந்த வேலைக்கும் ஒரு வீடியோ இருக்கிறது, அதைப் பார்த்தால் அந்த வேலை வந்துவிடும் என்பது என் கொள்கை. (எனக்கு முடி வெட்டவும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். அந்த மாதம் முழுக்கத் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தேன். அது வேறு கதை.)

திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த என் தங்கை வாணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் தாய்மாமன் ஆனேன். சிக்கல் என்னவென்றால், அந்த வீட்டில் எனக்கு முன்பே ஒரு தாய்மாமன் இருந்தார். வாணியின் ஓரகத்திக்கு அண்ணன், ஏழுமலை. தச்சு வேலைக்காரர். தன் தங்கை குழந்தைக்குத் தேக்கில் தொட்டில் செய்து கொடுத்திருந்தார். நான் எப்போது போனாலும் வாணியின் மாமியார் காபி கொடுத்துவிட்டு அந்தத் தொட்டிலைத் தடவிக் காட்டுவார். "கடையில வாங்குனது இல்ல தம்பி. கைப்பட செஞ்சது."

அஞ்சாம் மாதம் பேர் வைக்கிற விழாவுக்கு அழைக்க அவர் போன் செய்தபோதும் தொட்டில் பேச்சு வந்தது. என் வாய் என்னைக் கேட்காமலேயே பேசிவிட்டது.

"நானும் கைப்படத்தான் செய்யறேங்க. கொழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கினு வர்றேன்."

பக்கத்தில் நின்ற என் மனைவி சுகந்தி நான் போனை வைக்கும்வரை காத்திருந்தாள்.

"உங்களுக்குப் பின்னத் தெரியுமா?"

"நூலு, ஊசி. இதுல இன்னா இருக்கு?"

"நம்ம ஊர் வெயில்ல ஸ்வெட்டர் போட்டா கொழந்த வெந்துடுங்க."

"வெயிலப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

ரோஸ் கலரில் உல்லன் நூலும் ஒரு குரோஷா ஊசியும் வாங்கி வந்தேன். ஊசியின் நுனியில் சின்னக் கொக்கி இருக்கும். நூலைக் கொக்கியில் மாட்டி ஒரு வளையத்துக்குள் இழுத்தால் ஒரு கண்ணி. அதற்குள் இன்னொன்று இழுத்தால் இன்னொரு கண்ணி. வீடியோவில் ஒரு அம்மா பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, கையைப் பார்க்காமலேயே பின்னினார். எனக்கு வேகம் போதவில்லை என்று வீடியோவை மெதுவாக ஓடவிட்டேன். அந்த அம்மாவின் குரல் பேய் பிடித்தவர் குரல் மாதிரி மாறி, பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஊசியை நான் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற மாதிரி பிடித்தேன். போல்ட் முறுக்கிப் பழகிய கை. ஒவ்வொரு கண்ணியையும் இறுக்கி இழுத்ததில் அடுத்த வரிசைக்குக் கொக்கி உள்ளேயே போகவில்லை. டெஸ்டரால் கண்ணியை நெம்பிப் பார்த்தேன். மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டும் பார்த்தேன். (சிரிக்காதீர்கள். அன்றைக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது.)

மிக்ஸி கொடுத்திருந்த காணை கிராமத்து அம்மா ஒருவர் கடைக்கு வந்து, என் மடியைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, மிக்ஸி ஆச்சா? இது இன்னா வயரு, ரோஸ் கலர்ல?"

"ஆமாம்மா, புது மாடல் வயரு."

"நம்மளுக்குக் கறுப்பே போடு. சமையக்கட்டுல அழுக்காயிடும்."

ஸ்வெட்டரின் முதுகுப் பக்கம் வரிசைக்கு வரிசை ஒடுங்கிக்கொண்டே போய்ச் சமோசா வடிவத்துக்கு வந்தது. ஓரத்துக் கண்ணிகளை நான் விட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். ஸ்வெட்டர் திட்டம் குல்லா திட்டமாகச் சுருங்கியது. முதல் குல்லா பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்தது. அவிழ்த்தேன். அடுத்தது நிஜமாகவே குல்லா. குழந்தைத் தலை அளவு, உருண்டையாக, அழகாக. வீடியோ முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. லைக் போடு, மணியை அமுக்கு என்றுதானே சொல்லப்போகிறார்கள் என்று மூடிவிட்டேன்.

விழா நாளில் திண்டிவனம் பஸ்ஸில் குல்லாப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். சுகந்திக்குக்கூடத் தொட அனுமதியில்லை. வீட்டு வாசலில் பந்தல், நாற்காலி, உறவு ஜனம். வாய் நிறைய எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "இது கடையில வாங்குனது இல்லீங்க. கைப்பட பின்னுனது." சொல்லும்போது ஏழுமலையைப் பார்த்தேன். அவர் கை தட்டினார். வாணிக்குக் கண் கலங்கியது. "அண்ணா, நீயா பண்ண?" என்றாள். குல்லா குழந்தையின் தலையில் ஏறியது. போட்டோக்காரர் வீடியோவும் எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வாணியின் மாமியார் குனிந்தார்.

"ஒரு நூலு தொங்குது பாரு. போட்டோல அசிங்கமா தெரியும்."

இழுத்தார். நூல் வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். இன்னும் வந்தது.

"அய்யய்யோ தம்பி, வந்துக்கினே இருக்குதே!"

"இழுக்காதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் பதறிப்போய் அவர் இரண்டு கையாலும் இழுக்க ஆரம்பித்தார். குல்லா குழந்தையின் தலையில் சுற்றிச் சுற்றிச் சிறுத்தது. காது தெரிந்தது, பிறகு நெற்றி, பிறகு உச்சி. கடைசியில் உச்சந்தலையில் ஒரு வடை அளவு வட்டம் மிச்சம், நடுவில் எண்ணெய்க் கறையோடு. பந்தலில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். குழந்தை மட்டும் கெக்கெக்கேவென்று சிரித்தது.

பின்னி முடித்ததும் நூலை வெட்டிக் கடைசிக் கண்ணிக்குள் விட்டு இழுத்து முடிச்சிட வேண்டுமாம். நான் மூடிய வீடியோவின் மிச்சத்தில் அதுதான் இருந்திருக்கிறது.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "இது புது மாடலுங்க. கொழந்த வளர வளர அவுத்து அவுத்துப் பெருசாப் பின்னிக்கலாம்."

வாணியின் மாமியார் கையில் இருந்த நூல் குவியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்போ கல்யாணம் வரைக்கும் ஒரே குல்லாதானா தம்பி?"

பந்தல் வெடித்துச் சிரித்தது. சுகந்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஏழுமலை நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "வுடுங்க மச்சான். நான் செஞ்ச மொத தொட்டில்ல பூசணிக்காய வெச்சு ஆட்டிப் பாத்தேன். காயி ஒரு பக்கம், தொட்டிலு ஒரு பக்கம்." அவர் சொன்னது நிஜமோ பொய்யோ, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியது அதனால்தான்.

நான் விடவில்லை. பந்தி நடக்கும்போதே அந்த நூலை வாங்கி, சட்டைப்பையில் இருந்த ஊசியை எடுத்து, ஓரமாக உட்கார்ந்து மறுபடி பின்னினேன். இந்தத் தடவை வீடியோவைக் கடைசிவரை பார்த்து முடிச்சும் போட்டேன். குல்லா கொஞ்சம் கோணல்தான். ஆனால் வாணியின் மாமியார் ஆளை வைத்து இழுத்துப் பார்த்தும் அவிழவில்லை.

இப்போது நான் நன்றாகவே பின்னுகிறேன். ஆனால் அதை அந்த வீட்டில் ஒருவரும் பேசுவதில்லை. போன வைகாசியில் வாணியின் கொழுந்தனுக்குக் கல்யாணம். கெட்டிமேளம் கொட்ட, மாப்பிள்ளை தாலியை எடுத்துப் பெண்ணின் கழுத்தருகே கொண்டுபோனான். அவன் அம்மா மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "முடிச்ச நல்லா இறுக்கிப் போடுடா. விழுப்புரத்து மாமன் போட்ட மாதிரி போட்டுடாத!"

ஆல்பத்தில் அந்தப் போட்டோ இருக்கிறது. மாப்பிள்ளை சிரிக்கிறான், பெண் சிரிக்கிறாள், ஐயர்கூடச் சிரிக்கிறார். பின்வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விறைப்பாக நிற்பவன் நான்.