டின்ட் பாஸின் இடது கை

டின்ட் பாஸ் வேலைக்கு வரும் வரை, கண்டியில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சிறு தெருவில், ஆங்கிலம் என்றால் நான். கல்லூரியில் முப்பத்தோராண்டுகள் அம்மொழியைக் கற்பித்து ஓய்வு பெற்றவன். முன்னறைக் கண்ணாடி அலுமாரியில் இரண்டு பாகங்கள் கொண்ட அகராதி இருந்தது. மருந்துப் போத்தலின் குறிப்பு, வங்கிக் கடிதம், வெளிநாட்டுப் பிள்ளைகளின் செய்தி, எதுவாயினும் மாலை ஐந்து மணிக்கு என் வாசலுக்கு வரும். நான் அகராதியை எடுப்பது பொருள் தெரியாமையால் அன்று. வந்தவருக்குச் செய்யும் மரியாதைக்காக.

ஒரு சொல்லைக்கூட எழுதத் தெரியாமல், ஓர் ஆங்கில ஆசிரியரின் வாசலைக் காலியாக்கியவர் இலங்கை முழுவதிலும் டின்ட் பாஸ் ஒருவரே என்று எங்கும் சொல்வேன். கைவேலை தெரிந்தவரை இங்கே பாஸ் என்பார்கள். வர்ணம் பூசும் அந்தப் பாஸுக்கு டின்ட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதே என் வீழ்ச்சியின் தொடக்கம்.

அடுத்த வீட்டு ரீட்டா ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி. ஒரு காலை போனை நீட்டியபடி வந்தார்.

"சேர், மகள் சிட்னியில இருந்து மெசேஜ் போட்டிருக்கா. ஹோலுக்குப் பெயின்ட்ட தடிப்பா அப்ப வேணாமாம், லேசா டின்ட் பண்ணட்டுமாம். அப்படீன்னா என்ன சேர்?"

அமரச் செய்தேன். அச்சொல் பெயராகவும் வினையாகவும் வரும் என்றேன். அதன் இலத்தீன் வேரைக் காட்டினேன். துணிக்குச் சாயமிடுவதற்கும், மரத்தில் கறை ஏற்றுவதற்கும், சுவரை மூடிப் பூசுவதற்கும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள் உள்ளமையைச் சொல்லி, இச்சொல் அவற்றிலிருந்து எங்ஙனம் வேறுபடுகிறது என்பதை இருபது நிமிடம் விளக்கினேன். ரீட்டா பொறுமையாகக் கேட்டார்.

"நல்லது சேர். அப்ப பாஸுக்கிட்ட என்ன கலர்னு சொல்ல?"

விளக்கத்தை முடிக்க நானும் அவர் பின்னே சென்றேன். கலஹாவிலிருந்து காலை பஸ்ஸில் வந்த மெலிந்த மனிதர் ஒருவர் வெள்ளை வர்ண வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தார். ரீட்டா கேட்டதும் ஒரு குச்சியை நீலத்தில் தோய்த்து, வாளிக்கு மேலே பிடித்து, ஒரே ஒரு துளியை விழவிட்டுக் கலக்கினார்.

"இந்தா பாருங்கக்கா. வெள்ளை வெள்ளையாவேதான் இருக்கணும். ஆனா நீலத்த ஒருக்கா நெனச்சுப் பாத்த மாதிரி இருக்கணும். அதான் டின்ட்."

"அட, இதத்தானா சேர் இவ்வளவு நேரமும் சொன்னீங்க?" என்றார் ரீட்டா.

இருபது நிமிடத்துக்கு எதிராக ஒரு துளி. அன்று மதியம் அகராதியை மீண்டும் திறந்து பார்த்தேன்; அதில் துளி இல்லை.

அம்மனிதரின் கிறுக்குகளுக்கு அளவில்லை. கம்பனிகள் கொடுக்கும் வர்ண அட்டையை அவர் தொடமாட்டார். "அட்டையில இருக்கிறது அச்சடிச்ச கலரு. தோல்ல காஞ்சாத்தான் உண்மை தெரியும்" என்று சொல்லி, இடது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கோடு கோடாகப் பூசிக்கொள்வார். வீட்டுக்காரர் தெரிவு செய்யும் வரை அந்தக் கை குளிக்காது. கூட்டத்தில் உரசிவிடும் என்று பஸ் யன்னலுக்கு வெளியே அதை நீட்டியபடியே கலஹாவுக்குப் போவார். பேராதனையில் ஒரு பொலிஸ்காரர் பஸ்ஸை மறித்து, கைக்கு என்ன நோய் என்று விசாரித்தாராம்.

"நோயில்ல மஹத்தயா. இது ஒரு அம்மாவோட ஹோலு. இது சமைக்கிற குசினி."

ஒழுங்கைப் பெண்கள் அக்கையைப் பிடித்து, வெயிலில் திருப்பி, மணிக்கணக்கில் வாதாடினார்கள். ஒரு பாதிரியார்கூடப் பிடித்துப் பார்த்தார். என் கையைக் காலஞ்சென்ற என் மனைவியும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

பிறகு சொற்கள் ஏணியடிக்குப் போகத் தொடங்கின. "பிளேன்டீயில ஒரு சொட்டுப் பால் விட்டா டின்ட். அரைக் கோப்ப விட்டா பெயின்ட்" என்பார், கேட்டவர் தெளிந்து போவார். வர்ணத்தோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். எதிர்வீட்டுக்காரர் வங்கிக் கடிதத்தையும் அங்கேயே கொண்டுபோய், வாசித்துக் காட்டிப் பொருள் கேட்டார். ஐந்து மணிக்கு என் கதிரைக்கு எதிரே வருபவர் அமரும் கதிரை வெறுமையாயிற்று.

பலர் கூடியிருந்த வேளையில் அவரைக் கேட்டேன்: "பாஸ், டின்ட் என்பதை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டும், பார்ப்போம்."

"எழுதத் தெரியாதுங்க சேர். சேர் எழுதுங்க, நான் அதுக்கு மேல பூசுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சற்றும் வஞ்சகமின்றி. அதுதான் என்னால் தாங்க முடியாததாயிருந்தது.

பிழை பிடிப்பதற்காகவே என் வீட்டுக்கு வர்ணம் பூச அவரை அமர்த்தினேன். முதல் நாள் அவர் சுவரைப் பார்க்கவில்லை. என் தலையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

வாசகர்களுக்கு இப்போது சொல்லிவிடுகிறேன். பதினோராண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை, குளியலறைக் கதவைத் தாழிட்டு நான் தலைக்குக் கறுப்புப் பூசி வந்தேன். அது இயற்கை என்று ஒழுங்கை நம்பியது. நான் மறுத்ததில்லை.

வேலி ஓரம் நாலைந்து பேர் நிற்க, ரீட்டா தேநீர்த் தட்டுடன் வந்தார். "பாஸ், எங்க சேரப் பாருங்க. எழுவத்திரெண்டு வயசு, ஒரு நரை இல்ல. மகள் நம்பமாட்டேங்கிறா. கலர் தெரிஞ்ச ஆளு, நீங்களே சொல்லுங்க, இது ஒரிஜினலா?"

பாஸ் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். வெயிலில் குனிந்து பார்த்தார். என் வாசலைப் பறித்தவர் அவர்; எஞ்சியிருந்த மானமும் இப்போது அவர் வாயில் இருந்தது. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

"ஒரிஜினல்தான்கா. பெயின்டுன்னா எனக்குத் தெரியாதா?"

எல்லோரும் போன பின்பு, ஏணி மேலிருந்து தணிந்த குரல் வந்தது. "சேர், பெயின்ட்ட கோட்டுக்கு மேல கோட்டு அடிச்சா செவரு மூச்சு விடாது. கொஞ்சம் வெள்ளைய விட்டுருங்க. டின்ட் போதும்."

"உம்முடைய வேலையைப் பாரும்" என்றேன். அடுத்த சனிக்கிழமை குளியலறைக் கதவைத் தாழிடவில்லை, கறுப்புப் புட்டியையும் திறக்கவில்லை.

முழங்கால் நோவினால் அவர் இப்போது ஏணி ஏறுவதில்லை, கலஹாவோடு நின்றுவிட்டார். கடிதங்கள் மீண்டும் ஐந்து மணிக்கு என்னிடம் வருகின்றன. டின்ட் பாஸ் மீதிருந்த பொறாமையில்தான் சேரின் தலை நரைத்தது என்று ரீட்டா சொல்லித் திரிகிறார். பொறாமை உண்மை. மற்றது தவறு. என் தலை முன்பே நரைத்திருந்தது. அதை அறிந்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவர் யாரிடமும் சொல்லவில்லை.