இடக்கைக்குக் காவல்

தர்மிளா சோக்கால் எழுதிய 'அ'னாவை அவளுடைய கையே துடைத்துக்கொண்டு போனது. தேயிலைத் தோட்டத்து லய வீட்டின் சிமெந்துத் தரையில் வெள்ளைக் கறைதான் மிஞ்சியது.

"பாத்தியா புள்ள? நம்ம மகளுக்கு இடக்கை. அதான் அழியுது!" என்றான் ரஜீவ்.

மடுல்சீமையில் தேயிலை பெக்டரி வேலை முடிந்து, வழக்கம்போல மகளுக்கு பிஸ்கட்டோடு வந்து, அப்போதுதான் அவளை எழுத உட்கார வைத்திருந்தான்.

ஜீவராணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "தர்மிளா, பிஸ்கட்டச் சோத்துக் கையாலதான் தின்னணும், தெரியுமில்ல?" என்று மகளிடம் சொல்லிவிட்டு, "ஏங்க, வெளக்கமாத்தக்கூட அவ சோத்துக் கையாலதானே புடிக்கிறா?" என்றாள்.

"அது நீ அதட்டிப் பழக்கினது. எழுத்துலதான் உண்மை தெரியும்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவன் ரஜீவ். ஆனால் இந்த முயலுக்குக் காரணம் இருந்தது. அவனுடைய அக்கா ராசம்மாவின் இடக்கையைப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சோடு கட்டிப்போட்டார்கள். அவள் அதோடு படிப்பை விட்டாள். இன்றும் கையெழுத்து கேட்டால் பெருவிரலை நீட்டுகிறாள்.

"என் மக கைய ஒருத்தரும் மாத்தக் கூடாது. தைமாசம் பள்ளிக்கூடம் போறதுக்குள்ள இடக்கையால முத்து முத்தா எழுத வைக்கிறேன்!"

மறுநாள் ஓடையில் மணல் அள்ளித் தட்டில் பரப்பினான். விரலால் எழுதினால் அழியாதல்லவா? அழியவில்லைதான். ஆனால் பிஸ்கட் தூள் சிந்தி எறும்பு வந்தது. எறும்பு இடது சுட்டுவிரலைக் கடித்தது.

"நான் எழுத மாட்டேன்!"

"எழுதும்மா. இன்னொரு பிஸ்கட் தாரேன்."

அடுத்து கோதுமை மாவைப் பிசைந்து எழுத்து உருட்டக் கொடுத்தான். ஒற்றைக் கையால் உருட்டிய 'அ'னா நத்தைபோல வந்தது. காலையில் ஜீவராணி அதை ரொட்டியாகச் சுட்டுவிட்டாள்.

"எழுத்தைச் சுட்டுட்டியே!"

"மாவு விக்கிற வெலையில எழுத்துக் கேக்குதோ உங்களுக்கு?"

பிறகு மரம் தேய்க்கிற மணல்தாளில் எழுத்துகளை வெட்டி, அட்டையில் ஒட்டித் தடவச் சொன்னான். விரல் சிவந்துபோனது. அழுகையை அடக்க பிஸ்கட் மூன்றானது.

விடவில்லை மனுஷன். பஸ் பிடித்துப் பதுளைக்கே போய், கடையில் இடக்கைக் கத்தரிக்கோல் கேட்டான்.

"இதையே இடக்கையால புடிங்க தம்பி, அவ்வளவுதான்," என்றார் கடைக்காரர்.

ஒரு மாதம் போனது. 'அ'னா நத்தையாகவே இருந்தது. சோக்கைக் கண்டாலே தர்மிளா அழுதாள். "என்னால ஏலாதுப்பா," என்று அவள் விம்மியபோது ரஜீவுக்கும் கண் கலங்கிவிட்டது.

அவள் காலையில் போய்வரும் பாலர் பள்ளியில் யாரோ கையை மாற்றப் பார்க்கிறார்கள், அதுதான் பிள்ளை குழம்புகிறாள் என்று முடிவுகட்டினான். மணல்தாள் அட்டைகளை அள்ளிக்கொண்டு நேரே அங்கே போனான்.

"டீச்சர், என் மகள இடக்கையாலேயே எழுத விடுங்க. கைய மாத்தினீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்!"

ஷிப்னா டீச்சர் உள்ளே கை காட்டினார். கரும்பலகை முன்னால் தர்மிளா நின்றிருந்தாள். வலக்கையில் சோக்கு. அழியாமல், கோணாமல், முத்து முத்தாக ஒரு வரிசை 'அ'னா.

ரஜீவுக்கு ரத்தம் கொதித்தது. "மாத்திட்டீங்களே டீச்சர்!"

"நான் ஒன்னும் மாத்தல்ல. இங்க எழுதுற நேரம் தின்ன ஒன்னும் குடுக்கிறதில்ல, அவ்வளவுதான்," என்றார் டீச்சர். "வீட்டுல நடக்கிறத அவளே சொன்னா. சாப்பிடுற கையில பிஸ்கட்டக் குடுத்து உக்கார வச்சு, புள்ளட கைய மாத்தினது நீங்கதான்."