மீன்கொடியாருக்கு வாயில் வராத மிருகம்

உலகத்தில் எந்த நாட்டுக்கு எந்த மிருகம், எந்த நாட்டுக்கு எந்தப் பறவை என்பதெல்லாம் தெரிந்த ஒரே மனிதர் திருகோணமலையில் ஓட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்ததில் பாதி பிழை. வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது அந்தப் பாதியைத்தான்.

அவருடைய சொந்தப் பெயர் வீட்டாருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் மீன்கொடியார். கோட்டை வாசலில், இரண்டு மீன்கள் செதுக்கிய பழைய கல் ஒன்று இருக்கிறதல்லவா? பாண்டியரின் சின்னம் என்பார்கள். இடிந்த கோயிலின் கல்லை எடுத்துத்தான் கோட்டை கட்டினார்கள் என்பார்கள். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் மனிதர் ஓட்டோவை நிறுத்தியிருப்பார். கோணேசர் கோயிலுக்குப் போகிற வெளியூர்க்காரர் யாராவது அதைப் பார்த்து ஒரு கணம் நின்றால் போதும், வளைத்துப் பிடித்துவிடுவார். நான் அப்போது உட்துறைமுக வீதியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் கோட்டைக்கு எதிரே இருந்த நாங்கள் நானா என்று கூப்பிடும் கிண்ணியாக்காரரின் தேத்தண்ணிக் கடைக்கு வந்துவிடுவேன். தேத்தண்ணி சுமார்தான். ஆனால் மீன்கொடியார் பேசுவது அங்கே தெளிவாகக் கேட்கும்.

துறைமுகத்தில் கப்பல்காரரிடம் பொறுக்கிச் சேர்த்த இங்கிலீசு அவருடையது. இலக்கணம் இருக்காது, சத்தம் இருக்கும். முதலில் வந்தவரின் நாட்டைக் கேட்பார். பிரான்ஸ் என்றால் கட்டிப்பிடிக்காத குறை. "உங்களுக்குச் சேவல், எங்களுக்குக் காட்டுக்கோழி. நாங்கள் சம்பந்திப் பகுதி!" என்பார். அவுஸ்திரேலியா என்றால் முகம் இறுகிவிடும். "சின்னத்தில இருக்கிற மிருகத்தைக் கறி வைச்சுத் தின்னுற சனம் நீங்கள்தான். எங்கட நாட்டில சிங்கத்தை ஒருத்தனும் தின்னமாட்டான்" என்று கண்டிப்பார். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த வயதான தம்பதிக்கு மட்டும் தனி மரியாதை கிடைத்தது. அவர்களுடைய மிருகம் நெற்றியில் ஒற்றைக் கொம்பு வைத்த குதிரையாம். அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை என்று தெரிந்தும் துணிந்து வைத்திருக்கிறார்களே என்று, அவர்களுக்குத் தன் செலவில் இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

இதற்கெல்லாம் பின்னால் அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. ஒருநாள் நானாவின் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார்.

"இஞ்ச பாருங்கோ தம்பி. இங்கிலாந்துக் காட்டில சிங்கம் இருக்கோ?"

"இல்லை அண்ணை."

"எங்கட காட்டில?"

"இல்லை."

"பாத்தீங்களே! கிட்ட இருக்கிற மிருகத்தைக் கொடியில போட ஏலாது. அது சொறியிறது, படுத்துக் கிடக்கிறது எல்லாம் சனத்துக்குத் தெரியும். பிறகு எங்கால மரியாதை வரும்?"

அந்த நேரம் பார்த்துக் கோட்டைக்குள் திரியும் மான்களில் ஒன்று நிதானமாக வந்து, நானாவின் குப்பை வாளிக்குள் தலையைவிட்டு ஒரு பொலித்தீன் பையை இழுத்தது. மீன்கொடியார் ஓடிப்போய்ப் பையைப் பறித்தார். அது விடவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கயிறிழுத்தார்கள்.

"இந்தா, இதைக் கொடியில போட்டால் எவன் எழும்பி நிப்பான்?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

நானா லேசுப்பட்ட ஆளில்லை. "அப்ப பாண்டியன் மட்டும் மீனை ஏன் போட்டான் அண்ணன்? எங்கட கிண்ணியா முழுக்க மீன்தானே!" என்று ஒரு போடு போட்டார். மீன்கொடியார் எழும்பிப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க அவருக்கு ஊண் உறக்கம் இருந்திராது. பிறகு ஒரு காலை, ஓட்டோவை நிறுத்தக்கூட இல்லை, கத்திக்கொண்டே வந்தார். "நானா! மீனை ஆர் உயிரோட வடிவாப் பாத்தது? பிடிச்சாப்பிறகுதானே பாக்கிறம்!" நானா தோல்வியை ஒப்புக்கொண்டு ஒரு பிளேன்டீ ஊற்றினார்.

கல்லைப் பற்றிய கதையோ ஆளுக்கு ஒன்று. சிற்பிக்குக் கூலியாக மீன் கொடுத்தார்கள், அவன் கணக்கு மறக்காமல் இருக்கச் செதுக்கிவைத்தான் என்பது திங்கட்கிழமைக் கதை. இரண்டும் புருசன் பெண்சாதி, கோபத்தில் கல்லாகிவிட்டன என்பது இன்னொரு நாள். மூன்றாவது மீன் ஒன்று இருந்தது, கோட்டை கட்டும்போது கடலுக்குள் குதித்துவிட்டது, அதைத் தேடித்தான் சுழியோடிகள் கோயில் நிற்கிற சாமிமலையின் கீழே கடலில் இறங்குகிறார்கள் என்பது ஞாயிறு ஸ்பெஷல். ஒரு ஜெர்மன்காரர் அடுத்த வருடமும் வந்து, போன முறை வேறு கதை அல்லவா சொன்னாய் என்று மடக்கினார். "ஓம். கல்லுக்கும் வயசு போகுதுதானே!" என்றார் மீன்கொடியார், கண் இமைக்காமல்.

இவ்வளவு பேசுகிற மனிதருக்கு வழிகாட்டி லைசன்ஸ் இல்லை. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட கைட் யாராவது கூட்டத்தோடு வந்தால், பாதி வசனத்தில் வாயை மூடிக்கொண்டு ஓட்டோவுக்குள் ஏறிக் குந்திவிடுவார். கேட்டுக்கொண்டு நின்ற வெள்ளைக்காரருக்கு ஒன்றும் புரியாது. எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். "காசுக்கில்லைத் தம்பி. அந்தக் கல்லடியில இருந்து என்னை ஒருத்தனும் கலைச்சுத் துரத்தக்கூடாது. அவ்வளவுதான் ஆசை" என்று ஒருமுறை சொன்னார்.

இன்னொரு குறையும் இருந்தது. உலகத்து மிருகமெல்லாம் வரும் அந்த வாயில் ஒரே ஒரு மிருகம் மட்டும் வராது. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. "உங்கட தேசியப் பறவை மயில்!" என்று தொடங்கினார். "மிருகம்?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். மீன்கொடியார் கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "அது... வரி போட்ட பெரிய பூனை" என்றார். சோழரைப் பற்றிக் கேட்டாலும் அதே பூனைதான். கடையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். யுத்தம் நடந்தபோது எங்கள் ஊரில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லப் பயந்த ஒரு காலம் இருந்தது. மனிதருக்கு இன்னும் பயம் தெளியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் இல்லாத ஒரு மத்தியானம் நானா குவளையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "பயமில்ல தம்பி. அவருக்கு ஒரு தம்பி இருந்தவன். பள்ளிக்கூடத்தில மூவேந்தர் கொடியைப் படமாக் கீறிக்கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. அண்ணனும் தம்பியும் பெரிய காகித மட்டையில சேர்ந்து கீறினாங்க. வில்லையும் மீனையும் இவர் கீறினார். சோழன்ட கொடியைத் தம்பி கீறினான், அவன் நல்லாக் கீறுவான். காலையில மட்டையைச் சுருட்டிக்கொண்டு சைக்கிள்ள போனவன். வழியில ஆமிக்காரங்க மறிச்சு விரிச்சுப் பாத்திருக்காங்க."

"பிறகு?"

"பிறகென்ன? மீன் கீறினவர் இருக்கார். மற்றதைக் கீறினவன் வரேல்ல."

அதற்குப் பிறகு வரி போட்ட பூனைக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. மீன்கொடியாரோ வழக்கம்போலவே சொல்லிக்கொண்டிருந்தார், மற்றவர்களும் வழக்கம்போலவே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் வழிகாட்டிகளுக்குப் புதிதாக லைசன்ஸ் கொடுக்கப் போகிறார்கள், சோதனையை இந்த முறையும் கோட்டையிலேயே வைத்து நடத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. நானா மனிதரை விடாப்பிடியாகப் பிடித்து விண்ணப்பிக்க வைத்தார். அந்தக் கல்லில் நிறுத்தி மூவேந்தர் சின்னங்களைக் கட்டாயம் கேட்பார்கள் என்று முந்தின வருடம் சோதனைக்குப் போனவர் ஒருவர் சொல்லிவிட்டார். பூனை என்று சொன்னால் கட்டாயம் தோல்வி. ஆகவே நானாவின் கடையில் பயிற்சி வகுப்பு ஆரம்பமானது.

"கண்ணை மூடிக்கொண்டு ஒருக்காச் சொல்லுங்க அண்ணன். ரெண்டே எழுத்து. பு..."

"பு..."

"ஆ, வருது! பு..."

"புட்டு."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்ததில் தேத்தண்ணி சிந்தியது. மீன்கொடியாரும் சிரித்தார். "தொண்டை வரைக்கும் வருகுது நானா. வாய் விடுதில்லை" என்று தண்ணீர் வாங்கிக் குடித்தார். இங்கிலீசில் சொல்லிப் பார்த்தார். அதுவும் இருமலில் முடிந்தது. கடைசியில் நான்தான் சொன்னேன், "வேங்கை எண்டு சொல்லுங்கோவன் அண்ணை. சோழருக்கு வேங்கைக் கொடி எண்டும் சொல்லுறதுதானே."

மீன்கொடியார் அதை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். "வேங்கை" என்றார். இன்னொரு தரம் "வேங்கை" என்றார். பிசிறில்லாமல் வந்தது! நானா கரண்டியால் மேசையில் தட்டினார். அட்டை கழுத்துக்கு வந்தமாதிரி அன்றைக்கே எல்லோரும் கைகொடுத்தோம்.

சோதனை நாளன்று மீன்கொடியார் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளைச் சட்டையில் வந்தார். தலையில் எண்ணெய் வழிந்தது. சோதிக்க வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்ட அதிகாரி, மற்றவர் நரைத்த கொண்டை வைத்த ஓர் அம்மா. கேள்வி கேட்டது அம்மாதான். நாங்கள் கடை வாசலில் திரண்டு நின்றோம். மீன்கொடியார் சேவலையும் கங்காருவையும் எடுத்துவிட, அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வென்றாச்சு என்று நானா என் முதுகில் குத்தினார்.

"சரி, இந்த மீன் பாண்டியருக்கு. சேரருக்கு என்ன சின்னம்?"

"வில், அம்மா."

"சோழருக்கு?"

நானா கையில் குவளையோடு எட்டிப் பார்த்து, சத்தம் வராமல் உதட்டை மட்டும் 'வேங்கை, வேங்கை' என்று அசைத்தார். மீன்கொடியார் எங்களைப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார்.

"அதை என்ர தம்பி கீறினவன், அம்மா" என்றார்.

"என்ன?"

"மீன் நான் கீறினது. மற்றது அவன் கீறினது. அதை அவனிட்டத்தான் கேக்கவேணும்."

கண்ணாடிக்காரர், "இவர் என்ன கதைக்கிறார்?" என்று கேட்டார். அம்மா மீன்கொடியாரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அம்மாவுக்கும் இந்த மண்ணில் வயது போனதுதானே, விளங்கியிருக்க வேண்டும்.

"தம்பிக்கு என்ன பேர்?" என்று மெல்லக் கேட்டார்.

"குகநேசன்."

எத்தனையோ வருடமாக அந்த வாங்கில் இருந்து அவர் கதையைக் கேட்டவர்கள் நாங்கள். அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டோம். நானா குவளையோடு உள்ளே போய்விட்டார். அன்று மத்தியானம் யாரும் தேத்தண்ணி கேட்கவில்லை.

லைசன்ஸ் வந்தது! தோல்விதான் என்று நாங்கள் மனதைத் தேற்றிக்கொண்டிருக்க, படம் போட்ட அட்டை நாடாவோடு வந்து சேர்ந்தது. மீன்கொடியார் அதைக் கழுத்தில் மாட்டி, நானாவின் கடைக் கண்ணாடியில் பார்த்து, கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் கோட்டை வாசலுக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. காய்ச்சலாக்கும் என்று நினைத்தோம். நிலாவெளிக் கடற்கரைக்கு ஆளேற்றி ஹயர் ஓடுகிறார் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

ஒருநாள் சாம்பல்தீவுப் பக்கம் போன இடத்தில் நானே அவருடைய ஓட்டோவை மறித்து ஏறினேன்.

"என்னண்ணை, இப்ப உங்களைக் கலைக்க ஒருத்தராலயும் ஏலாது. ஏன் கல்லடிக்கு வாறியள் இல்லை?"

ஓட்டோவின் வேகத்தைக் குறைத்தார். "முந்தி அதில நிண்டு வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லலாம் தம்பி. மீன் குதிச்சது, பெண்சாதியோட கோவிச்சது. இப்ப நிண்டால் உள்ளதைச் சொல்லவேணும். உள்ளதைச் சொல்லத் தொடங்கினால் என்னால மீனோட நிப்பாட்ட ஏலாது. சோதனையண்டைக்குத் திறந்த வாய் மூடுதில்லை."

"சொல்லுங்கோவன் அண்ணை. சொன்னால் என்ன?"

"ஒவ்வொரு நாளும் வெள்ளைக்காரனுக்கு முன்னால நிண்டு அவன்ர பேரைச் சொல்லி அழ ஏலுமே? அந்தக் கல்லைக் காட்டத்தான் எனக்கு லைசன்ஸ் தந்திருக்கினம். அவனைப் பற்றிச் சொல்ல ஒருத்தரும் தரேல்லை."

இறங்கும்போது வழக்கம்போல ஒரு பகிடி விடுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது கோட்டை வாசலில் கைட்மார் நூற்றாண்டு பிசகாமல், அரசன் பெயர் மாறாமல் சொல்கிறார்கள். எனக்குத்தான் நின்று கேட்க மனம் வருவதில்லை. சில மத்தியானங்களில் நானாவும் நானும் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்தப் பெடியன் கீறிய படத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப்போவதும் இல்லை. நன்றாகத்தான் கீறியிருப்பான், மீன்கொடியாருடைய தம்பி அல்லவா.